களி ஒரு வீடு, குழம்பு ஒரு வீடு

ஏரியூர் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி மண்பாதையில் கொஞ்ச தூரம் நடந்தால் வேடியன்கொட்டாய் வரும். பத்திருபது வீடுகள்தான். அவற்றில் ஒரே வாசலுக்கு இரண்டு பக்கமும் எதிரெதிராக நிற்கும் இரண்டு வீடுகள் மாதையன் குடும்பத்துடையவை. ஓட்டு வீட்டில் மாதையனும் அவர் மனைவி சென்னம்மாளும் இருந்தார்கள். எதிரே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவர்களுடைய மகன் நவநீதன், மருமகள் தேவிப்பிரியா, அங்கன்வாடிக்குப் போகிற பேத்தி. நவநீதன் பெங்களூரில் கட்டடங்களுக்குப் பூச்சு வேலை செய்தான். கூலி கைக்கு வந்ததும் ஊருக்கு வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டுத் திரும்பிப் போவான்.

தேவிப்பிரியா ஒரு ரேஷன் கார்டுக்காக அலைந்துகொண்டிருந்தாள். முதல் தடவை விண்ணப்பித்தபோது, அவளுடைய பெயர் பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மா வீட்டு அட்டையிலேயே இருந்ததால் நிராகரிக்கப்பட்டது. அங்கே போய்ப் பெயரை நீக்கிவிட்டு வந்து மறுபடியும் விண்ணப்பித்தாள். இந்தத் தடவை கணவனும் மகளும் மாமனார் அட்டையில் இருந்தார்கள். அவர்களையும் நீக்கினாள். இப்போது அம்மா வீட்டு அட்டையிலும் இல்லை, மாமனார் வீட்டு அட்டையிலும் இல்லை, புது அட்டையும் வரவில்லை. அரசாங்கத்துக் கணினியைக் கேட்டால், அந்த மூன்று பேரும் எங்கேயும் சோறு தின்னாதவர்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் மளிகைக் கடையில்தான். நவநீதனின் கூலி ஊர் எல்லையைத் தாண்டி வீட்டுக்கு வருவதற்குள் பாதி அந்தக் கடையிலேயே இறங்கிவிடும். இதற்கிடையில் தேர்தல் வருகிறது, அறிவித்துவிட்டால் புதுக் கார்டு வேலையெல்லாம் அப்படியே நின்றுவிடும் என்று இ-சேவை மையத்தில் இருந்தவர் வேறு பயமுறுத்தியிருந்தார்.

"ஆர்.ஐ. மேடம் நேர்ல வந்து பாப்பாங்கம்மா. தனி வூடு, தனி அடுப்பு, தனிச் சமையல். இது இருந்தா எழுதிக் குடுத்துருவாங்க. இல்லீன்னா மறுபடியும் மொதல்லருந்துதான்" என்றார் அவர்.

இதில் தேவிப்பிரியாவுக்குத் துளியும் பயம் இல்லை. வீடு தனி. கேஸ் அவள் பெயரில். அடுப்பு தினமும் எரிகிறது. வேறென்ன வேண்டும்?

அந்த இரண்டு வீடுகளிலும் சமையல் நடந்த விதத்தில் ஏதோ விசேஷம் இருப்பது வெளியாள் ஒருவர் வந்து பார்த்தால்தான் தெரியும். தகரக் கூரை போட்டுத் தனியாக வந்த புதிதில், தேவிப்பிரியா முழுச் சமையலையும் தானே செய்யத்தான் பார்த்தாள். அவள் பிறந்த ஊரில் வாணியாற்றுப் பாசனம், நெல் விளையும், வீட்டில் எப்போதும் சோறு. ராகிக் களி கிண்டிப் பழக்கமில்லை. அவள் கிண்டிய முதல் களியை நவநீதன் ஒரு வாய் வைத்தான். எழுந்துபோய், அம்மாவிடம் ஓர் உருண்டை வாங்கிவந்தான். மறுநாள் சென்னம்மாளே ஒரு தட்டில் வைத்து மூடி அனுப்பிவிட்டாள். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக மருமகள் ஒரு கிண்ணம் அவரைக்கொட்டைக் குழம்பை அதில் வைத்தனுப்பினாள். அதைத் தொட்டுத் தின்ற மாதையன், "இத்தன வருசமா நான் தின்னதுக்குப் பேரு என்னா?" என்று கேட்டார். சென்னம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் அதே சந்தேகம்தான் வந்திருந்தது. குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அன்றிலிருந்து காலை வேளையில் ஓட்டு வீட்டிலிருந்து களி வாசலைத் தாண்டிப் போகும்; தகர வீட்டிலிருந்து குழம்பு வாசலைத் தாண்டி வரும். மழை பெய்தால் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு தாண்டும். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு அல்ல. கேட்டால் இருவருமே "நாங்க தனித்தனியாத்தான் ஆக்கறோம்" என்பார்கள், பொய் என்ற நினைப்பே இல்லாமல். அங்கே விறகு எரிகிறது, இங்கே கேஸ் எரிகிறது. அடுப்பு இரண்டு, ஆகவே சமையல் இரண்டு.

வருவாய் ஆய்வாளர் கோகிலவாணி சொல்லிவிட்டு வரவில்லை. ஒரு காலையில் ஸ்கூட்டர் வந்து வாசலில் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, "இங்க தேவிப்பிரியாங்கறது யாருங்க? கார்டுக்கு எழுதிப் போட்டிருந்தீங்களே" என்றார்.

தேவிப்பிரியா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஆதார் நகல், கேஸ் புத்தகம், பெயர் நீக்கிய சான்று எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் எந்த நேரமும் தயாராக வைத்திருந்தாள். கோகிலவாணி அவற்றைப் பார்த்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். அரிசி டப்பாவைத் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

"சரிம்மா, எல்லாம் ஒழுங்கா இருக்குது. இன்னிக்கு என்னா சமையல்?"

"களியும் கொழம்பும் மேடம்."

அடுப்பில் ஒரு சட்டிதான் இருந்தது. கோகிலவாணி மூடியைத் தூக்கினார். அவரைக்கொட்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. அவர் ஒரு கணம் அப்படியே நின்றார். காலையில் இரண்டு பிஸ்கட்டோடு கிளம்பி வந்தவர்.

"கொழம்பு இருக்குது. களி எங்க?"

"வந்துகிட்டே இருக்குது மேடம்."

"வந்துகிட்டே இருக்குதா? எங்கருந்தும்மா வருது?"

தேவிப்பிரியாவின் கை தானாக எதிர் வீட்டைக் காட்டியது. காட்டிய பிறகுதான் அது என்ன செய்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

கோகிலவாணி வாசலைத் தாண்டி ஓட்டு வீட்டுக்குள் போனார். சென்னம்மாள் அப்போதுதான் களியைத் தட்டில் கொட்டி, தண்ணீர் தொட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். உருண்டைகள் எண்ணெய் தடவியது போல மினுங்கின. பக்கத்தில் மாதையன் வெறும் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"களி பிரமாதமா இருக்குதுங்கம்மா. கொழம்பு எங்க வெச்சிருக்கீங்க?"

சென்னம்மாள் பின்னாலேயே வந்து நின்ற மருமகளின் முகத்தைப் பார்த்தாள். எதையோ சொல்லக் கூடாது என்பது வரைக்கும் புரிந்துவிட்டது. அடுத்த உருண்டையை உருட்டினாள். மாதையனுக்கு அந்த வசதி இல்லை. அவர் மருமகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப வந்துரும்ங்க, மருமவ கொண்டாருவா" என்றார் அவர் உபசாரமாக. "எங்க வூட்ல கொழம்பு வெக்கறதே இல்லீங்க. தெனமும் அவ கொழம்புதான். நீங்களும் உக்காருங்க, ரெண்டு வாய் தின்னுட்டுப் போலாம்."

கோகிலவாணி திரும்பி எதிர் வீட்டைப் பார்த்தார்.

"அப்ப, இந்த வூட்ல கொழம்பு இல்ல. அந்த வூட்ல களி இல்ல" என்றார் கோகிலவாணி நிதானமாக. "ரெண்டையும் சேத்தாத்தான் ஒரு வேளைச் சாப்பாடு. இத நான் ரெண்டு சமையல்னு எப்பிடிம்மா எழுதறது?"

"அடுப்பு ரெண்டு இருக்குதே மேடம்!"

"அடுப்பு ரெண்டு. ஒலை ஒண்ணுதானே?"

தேவிப்பிரியா பிளாஸ்டிக் பையைப் பார்த்தாள். இதற்கு மேல் ஒரு தடவை, மறுபடியும் முதலிலிருந்து, தேர்தலுக்கு முன்னால், எப்படி? அப்போது பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் வந்து சேர்ந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதிலிருந்து வேலி ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், உதவி செய்தே தீர்வது என்று உள்ளே வந்துவிட்டாள்.

"மேடம், நான் சொல்றன் கேளுங்க. மாமியாக்காரியும் மருமவளும் வெட்டிகிட்டுத்தான் பிரிஞ்சாங்க. அவங்க போடற சண்ட இருக்குதே, காதுல பஞ்சு வெச்சுக்கணும். நேத்துகூட ஒரே ரகள."

"ஏண்டி குள்ளம்மா!" சென்னம்மாள் களித் தட்டை நங்கென்று கீழே வைத்தாள். "எப்பிடி எப்பிடி? நாங்க சண்ட போட்டோமா? என்னிக்குப் போட்டோம்? எம் மருமவள நான் ஒரு வார்த்த சொல்லி நீ கேட்டிருக்கறயா?"

"ஐயோ, சும்மா இரு அக்கா. ஒனக்காவத்தான் சொல்றன்."

"எனக்காவ சொல்றதா இருந்தா நல்லதச் சொல்லு. நாளைக்கு ஊருக்குள்ள என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?"

"பாத்தீங்களா மேடம், எப்பிடிக் கத்துதுன்னு" என்றாள் குள்ளம்மாள், சாட்சி கிடைத்த திருப்தியோடு.

கோகிலவாணி சிரித்துவிட்டார். உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "சண்ட போட்டாலெல்லாம் கார்டு குடுக்கறது இல்லீங்க. குடுக்கறதா இருந்தா எங்க தெருவுக்கே பத்தாது." பிறகு பையை மூடிக்கொண்டார். "இதப் பாருங்க. நான் கண்ணால பாத்ததத்தான் எழுதுவன். மேல் கொட்டாய்ல இன்னொரு மனு இருக்குது, அதப் பாத்துட்டு இந்த வழியாத்தான் திரும்பறன். வர்றப்ப இன்னொரு வாட்டி மூடியத் தெறந்து பாப்பன். ஒரு வூட்ல ஒரு சாப்பாடு முழுசா இருக்கணும். அவ்வளவுதான்."

ஸ்கூட்டர் மேட்டில் ஏறி மறைந்தது.

"இதுல என்னா இருக்குது?" என்றாள் குள்ளம்மாள். "இருக்கற களில பாதிய அங்க கொண்டுபோய் வையி. கொழம்புல பாதிய இங்க கொண்டாந்து ஊத்து. முடிஞ்சுது."

"அதத்தானேடி தெனமும் பண்றோம்!" என்றாள் சென்னம்மாள். "அதத்தான் அந்தப் பொண்ணு ஒரே ஒலைன்னு சொல்லிட்டுப் போவுது. பாதி பாதியா வெச்சா அது பொய்யி. பொய்யா வாங்குன அரிசி எம் பேத்தி ஒடம்புல ஒட்டுமா?"

"அத்த, அப்ப நீங்க வந்து இங்க ஒரு களி கிண்டிக் குடுத்துருங்க. நான் ஓடியாந்து அங்க ஒரு கொழம்பு கூட்டிடறன்."

"அதுவும் பொய்யிதான். நீயே கிண்டு. நானே கூட்டறன். இன்னிக்கு ஒரு நாளாச்சும் நெசமா தனியா ஆக்குவோம்."

"எனக்குக் களி வராதே அத்த!"

"எனக்கு மட்டும் கொழம்பு வருதா? ஒம் மாமனாரக் கேளு, சொல்லுவாரு."

மாதையன் வெறும் தட்டைப் பார்த்தார். பசியோடு இருந்தார். முன்னால் உருண்டை உருண்டையாகக் களி, எதிர் வீட்டில் ஒரு சட்டி குழம்பு; இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. சென்னம்மாள் ஏற்கெனவே கிண்டிய களி ஓட்டு வீட்டுக்கே இருக்கட்டும், தேவிப்பிரியாவின் குழம்பு தகர வீட்டுக்கே இருக்கட்டும், மீதியை அவரவர் செய்துகொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. குள்ளம்மாள் வாசலுக்கு நடுவில் நடுவர் போல நின்று, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாயி தாண்டலாம், கையி தாண்டக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

தேவிப்பிரியா உலை வைத்தாள். தண்ணீர் கொதித்ததும் கொஞ்சம் நொய்யரிசியைப் போட்டாள். அதுவரை தெரியும். "அத்த! மாவு எவ்ளோ போடறது?"

"கையால அள்ளிப் போடு!" என்று எதிர் வீட்டிலிருந்து குரல் வந்தது.

"எத்தன கையி?"

"பானையப் பாத்தா தெரியும்டி!"

"எனக்குத் தெரியலியே!"

"பானை சொல்ற வரைக்கும் போடு!"

அவள் போட்டாள். மாவு தண்ணீருக்கு மேல் ஒரு குன்று போல உட்கார்ந்தது. பயத்தில் உடனே துடுப்பை எடுத்துக் கிண்ட ஆரம்பித்தாள்.

"கிண்டிட்டியா?" என்றது எதிர் வீடு.

"கிண்டறன் அத்த!"

"அடிப் பாவி, இப்ப கிண்டாத! வேகட்டும் விடு! கிண்டுனா கட்டி தட்டிரும்!"

தட்டிவிட்டிருந்தது. தவிர, கேஸ் அடுப்பின் மேல் பானை நிற்கவில்லை. துடுப்பு வலப்பக்கம் போனால் பானையும் வலப்பக்கம் போனது. ஒரு கையால் பிடித்தால் சுட்டது. இரண்டு கையாலும் கிண்டினால் பிடிக்க ஆளில்லை. கடைசியில் அடுப்பை அணைத்து, பானையைத் தரையில் இறக்கி, பழந்துணியைச் சுற்றி இரண்டு பாதங்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினாள். வாசலிலிருந்து பார்த்த குள்ளம்மாளுக்கு, யாரோ பானைக்குள் இறங்கித் துடுப்புப் போட்டுப் போவது போல இருந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏ பிரியா, ஒகேனக்கல்லு வரைக்கும் போயிட்டு வந்துரு!"

அந்தப் பக்கம் சென்னம்மாள் வெகுகாலத்துக்குப் பிறகு குழம்புச் சட்டியை நிமிர்த்தினாள். வெங்காயம் கருகும் வாசனை வந்தது.

"அத்த, தணலக் கொறைங்க!"

"கொறைக்கறதுக்கு இதுல என்னா திருகா இருக்குது? வெறகுடி!"

"ரெண்டு வெறக வெளிய இழுங்க! புளி கரைச்சீங்களா?"

"கரைச்சன்!"

"உப்பு?"

எதிர் வீட்டில் கரண்டி சட்டியில் தட்டும் சத்தம் கேட்டது.

"அத்த, உப்புப் போட்டீங்களா?"

"போட்டன்னுதான் நெனைக்கறன்" என்றது குரல். சற்று நேரம் கழித்து, "எதுக்கும் இன்னும் கொஞ்சம் போட்டுட்டன்!"

அப்போது மாதையன் எழுந்து வாசலுக்கு வந்தார். "மொதல்ல போட்டத நான் பாத்தன்" என்றார் மெதுவாக, குள்ளம்மாளிடம் மட்டும். "சொல்லலாம்னு பாத்தன். வாயத் தெறந்தா இன்னிக்குக் கெட்டுப் போவுதே."

ஸ்கூட்டர் திரும்பி வந்தபோது இரண்டு வீட்டிலும் புகை அடங்கியிருந்தது. இரண்டு பெண்களும் முகம் முழுக்க வியர்வையோடு அவரவர் வாசற்படியில் நின்றார்கள். தேவிப்பிரியாவின் மூக்கு நுனியில் மாவு ஒட்டியிருந்தது. அதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கோகிலவாணி முதலில் தகர வீட்டுக்குள் போனார். குழம்பு இருந்தது. பக்கத்துத் தட்டில் களி இருந்தது. உருண்டை என்று சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், ஆற்றில் கிடக்கும் கற்கள் போல. பிறகு ஓட்டு வீடு. மினுங்கும் களி. கன்னங்கரேலென்று ஒரு குழம்பு.

"இருக்குது. பாத்துட்டன்" என்றார்.

"பாத்தா ஆச்சா?" என்றாள் சென்னம்மாள். "தின்னு பாக்காம எப்பிடி எழுதுவீங்க?"

"ஆய்வுக்கு வந்த வூட்ல சாப்பிடக்கூடாதுங்கம்மா."

"சாப்பிடச் சொல்லல. நெசமா ஆக்குனதான்னு பாருங்கங்கறன்."

கோகிலவாணி யோசித்தார். தேவிப்பிரியாவின் களியில் சிட்டிகை அளவு கிள்ளி வாயில் போட்டார். மென்றார். பிறகும் மென்றார். நடுவில் வேகாத மாவு பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் கேட்டுக் குடித்தார். அடுத்து சென்னம்மாளின் குழம்பில் ஒரு சொட்டு, உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண்ணை மூடித் திறந்தார். மறுபடியும் தண்ணீர் கேட்டார்.

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சந்தேகமே இல்லீங்க. இது தனிச் சமையல்தான்" என்றார் அவர். "ரெண்டு பேரு சேந்து ஆக்கியிருந்தா ஒருத்தராச்சும் தடுத்திருப்பாங்க."

குள்ளம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு மாதையன், கடைசியில் சென்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. தேவிப்பிரியாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்துக் கோகிலவாணி போனில் படம் பிடித்தார். "மூக்கத் தொடச்சுக்கம்மா, அரசாங்கத்துக்குப் போற படம்" என்றார். பரிந்துரை எழுதிவிட்டதாகச் சொல்லி, ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போனார்.

பிரச்சினை அதோடு தீர்ந்தது என்றுதான் மாதையன் நினைத்தார். மறுநாள் காலை தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு முன்னால் சென்னம்மாள் தன்னுடைய குழம்பை ஊற்றினாள்.

"அந்தப் பொண்ணு தனியா ஆக்கறாங்கன்னு எழுதிட்டுப் போயிருக்குது. கார்டு கையிக்கு வர்ற வரைக்கும் அது பொய்யாவக்கூடாது" என்றாள்.

"எந்தக் கவர்மெண்ட்டு வந்து என் தட்டப் பாக்கப்போவுது?"

"நான் பாக்கறன் இல்ல?"

அதற்கு மேல் அந்த வீட்டில் மேல்முறையீடு கிடையாது. அப்போதிலிருந்து சாப்பாட்டு நேரங்களில் மாதையனுக்குக் குள்ளம்மாள் வீட்டுப் பக்கம் ஏதாவது வேலை இருந்தது. மண்வெட்டி இரவல் கேட்கப் போவார். போன இடத்தில் உட்காரச் சொன்னால் மறுக்க மாட்டார். குள்ளம்மாள் வாசலில் நின்று சத்தமாக, "ஏக்கா, ஒம் புருசனுக்கு ஒரு கார்டு எழுதிப் போடறயா? எங்க கார்டுல எடமில்ல" என்பாள்.

தேவிப்பிரியாவின் களி மட்டும் நாளுக்கு நாள் திருந்தியது. மாவைக் கொட்டிவிட்டுப் பொறுக்கக் கற்றுக்கொண்டாள். பானையை மூலையில் முட்டுக்கொடுத்து வைக்கும் வழி ஒன்றை அவளே கண்டுபிடித்தாள். அந்த மாதம் ஊருக்கு வந்த நவநீதன், உருண்டையைப் பிட்டு, உள்ளே பார்த்து, முகர்ந்து பார்த்து, "அம்மா குடுத்ததா?" என்றான்.

"ஒங்கம்மா வூட்டுக் களி தின்னா கார்டு போயிரும். இது என்னுது."

அவன் தயங்கித் தயங்கி விழுங்கினான். பிறகு இன்னொன்று கேட்டான். அவள் அதை வைத்தபோது கையில் கொஞ்சம் கர்வம் இருந்தது.

குறுஞ்செய்தி வந்தபோது தேவிப்பிரியா தக்காளித் தோட்டத்தில் கூலிக்குக் காய் பறித்துக்கொண்டிருந்தாள். சேற்றுக் கையோடு போனைத் தொட முடியாமல், பக்கத்தில் இருந்தவளை விட்டுப் படிக்கச் சொன்னாள். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அட்டைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. தேவிப்பிரியா கூடையை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் நின்று, "ஐயோ, வந்துருச்சு!" என்று கத்தினாள். தோட்டத்துக்காரர் பாம்பு என்று நினைத்துக் கொம்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

அட்டை கைக்கு வந்த அன்று ரேஷன் கடையில் வழக்கமான கூட்டம். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தேவிப்பிரியாவின் பெயர். அதற்குக் கீழேதான் நவநீதன். அந்த வாரம் ஊரில் இருந்த அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றான். "தலைவரு வர்றாங்க, வழி விடுங்க" என்று யாரோ சொல்ல, வரிசை சிரித்தது. அவளுக்குச் சற்று முன்னால் தன்னுடைய அட்டையோடு சென்னம்மாள் நின்றுகொண்டு, முன்னாலும் பின்னாலும் இருந்தவர்களிடம், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும், "அது எம் மருமவ. தனிக் கார்டு. நேர்ல வந்து பாத்துக் குடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேவிப்பிரியாவின் முறை வந்தது. விரலை இயந்திரத்தில் வைத்தாள். காய் பறித்துப் பறித்து ரேகை தேய்ந்திருந்ததால் முதல் தடவை ஏற்கவில்லை. "தொடச்சுட்டு மறுபடியும் வையும்மா" என்றார் கடைக்காரர். வைத்தாள். இயந்திரம் ஒரு சத்தம் கொடுத்து ரசீதைத் தள்ளியது. "அரிசியா எடுத்துக்கறியா, கொஞ்சம் ராகியும் போடட்டுமா?"

"ரெண்டும் போடுங்க அண்ணா. பருப்பும் எண்ணெயும்."

தராசில் அரிசி விழுகிற சத்தத்தை அவள் கடைசி மணி வரைக்கும் கேட்டாள். பையின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, மாமியார் தன் பையோடு வெயிலில் ஓரமாக நின்றிருப்பதைப் பார்த்தாள். நேராக அவளிடம் போனாள். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அத்த, நாளைக்கு நீங்களும் மாமாவும் எங்க வூட்டுக்கு விருந்துக்கு வரணும்."

சென்னம்மாள் விழித்தாள். எதிர் வீட்டுக்கு விருந்தா? பிறகு அவளுக்கு விளங்கியது. இத்தனை நாளும் யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஒரே வீட்டுக்குள் யார் யாரை அழைப்பது? அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். முகத்தில் சம்பந்தி வீட்டாருக்குரிய பிகு வந்தது.

"வர்றோம். நேரத்தோட ஆளனுப்பிக் கூப்பிடுங்க. சும்மா வந்து நிக்க முடியாது" என்றாள்.

மறுநாள் தேவிப்பிரியா சோறும் பருப்பும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். களியும் கிண்டினாள். அப்பளம் பொரித்தாள். அவர்களைக் கூப்பிட நவநீதனை அனுப்பினாள். அவன் நாலு எட்டு வைத்து வாசலைத் தாண்டிப் போய், "அம்மா, அப்பா, சாப்பாடு ஆச்சு, வாங்க" என்று முறையாக அழைத்துவிட்டு, நாலு எட்டு வைத்துத் திரும்பினான்.

மாதையன் சலவை வேட்டியும், கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தார். சென்னம்மாள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்; விருந்தாளி வெறுங்கையோடு வரலாமா? வேலிக்கு அந்தப் பக்கம் குள்ளம்மாள், "ஏக்கா, எந்த ஊருக்குப் பயணம்? பஸ்ஸு கெடைச்சுதா?" என்றாள்.

தினமும் நூறு தடவை நுழைகிற அந்த வாசற்படியில் மாதையன் நின்றார். உள்ளே குழம்பு வாசனை ஆளை இழுத்தது. ஆனாலும் உள்ளே கால் வைக்காமல், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தேவிப்பிரியா சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"வாங்க மாமா. வாங்க அத்த. உள்ள வாங்க" என்றாள்.